கடலுக்கடியில் ஒரு செட், கடனுக்கடியில் ஒரு சம்பளம்: லெகோ எனக்குச் சொல்லிக்கொடுத்த பணக் கணக்கு

இந்த வாரம் வீடியோவில் ஒரு சுறாவைத் துண்டு துண்டாகக் கழற்றி, அதே துண்டுகளை வைத்து ஒரு கணவாய் மீனைக் கட்டினோம். "பணம் பத்தி பேசுற சேனல்ல பொம்மை எதுக்கு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கடைசி வரைக்கும் படிங்க. இதுல என்னோட 15,000 ரூபாய் பாடம் ஒண்ணும் இருக்கு.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். எனக்குச் சொந்த ஊர் மங்களூர். கர்நாடகா மங்களூர் இல்லீங்க. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்து மங்களூர். கடலூர் மாவட்டம்தான், ஆனா எங்க ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. சின்ன வயசுல நான் பார்த்த பெரிய தண்ணி, திட்டக்குடி பக்கம் இருக்கிற வெலிங்டன் ஏரிதான். அதனாலயோ என்னவோ, கடலடி பொம்மைன்னா எனக்கு இன்னைக்கும் கை பரபரக்கும்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

நான் வாங்கினது லெகோ கிரியேட்டர் வரிசையில் வந்த 'ஆழ்கடல் உயிரினங்கள்' செட். எண் 31088. 2019ல் வெளியானது. மொத்தம் 230 துண்டுகள். 2022ல் அண்ணன் பொண்ணோட ஏழாவது பிறந்தநாளுக்கு 1,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதாவது ஒரு துண்டுக்கு சுமார் ஆறரை ரூபாய்.

பெட்டியில் இருக்கிற முதல் உருவம் சுறா. வாயைத் திறக்கலாம், துடுப்பையும் வாலையும் அசைக்கலாம். கூடவே ஒரு குட்டி நண்டு, ஒரு புதையல் பெட்டி. சுறா சலிச்சுப் போச்சுன்னா கழற்றிட்டு அதே துண்டுகளில் கணவாய் கட்டலாம். அதுவும் போதும்னா தலையில் விளக்கு தொங்கும் தூண்டில் மீன்.

நல்லது: ஒரே காசுல மூணு விளையாட்டு. செய்முறைப் படம் தெளிவா இருக்கு, ஏழு வயசுக் குழந்தை பெரியவங்க உதவி அதிகம் இல்லாம கட்டிடும். துண்டுகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக், சட்டுனு உடையாது. இன்னொரு முக்கியமான விஷயம், லெகோ கட்டையோட இப்போதைய வடிவத்துக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டது 1958ல். அன்னைக்கு வந்த கட்டையும் இன்னைக்கு வர்ற கட்டையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். நாளைக்கு வேற செட் வாங்கினாலும் இது வீணாகாது.

குறை: சின்னத் துண்டுகள், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. ஒண்ணு ரெண்டு தொலைஞ்சா உருவம் நிக்காது. அப்புறம், மூணையும் ஒரே நேரத்தில் வச்சு அழகு பார்க்க முடியாது. கணவாய் வேணும்னா சுறாவைக் கலைச்சே ஆகணும்.

இந்தக் கடைசிக் குறைதான் இன்னைக்குப் பாடம். உங்க சம்பளமும் அந்த 230 துண்டு மாதிரிதான். ஒரு ரூபாய் ஒரு நேரத்துல ஒரு உருவமாத்தான் நிக்கும். போனா மாறினா, அது அவசர நிதியா நிக்காது. இதை வாய்ப்புச் செலவுன்னு சொல்வாங்க. ஒரு பொருளோட விலை அட்டையில் இருக்கிறது மட்டும் இல்லை. அந்தக் காசு வேற என்னவா மாறியிருக்கும் என்பதும் சேர்த்துத்தான் விலை.

விலை ஏன் இவ்வளவு?

"பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவா?"ன்னு எங்க அண்ணி கேட்டாங்க. ஒரு பங்கு பிராண்டுக்கு, ஒரு பங்கு தரத்துக்கு, மிச்சம் வரிக்கு. இறக்குமதி பொம்மைக்கான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு, 2023ல் 70 ஆச்சு. அது மேல ஜிஎஸ்டி. மின்னணு அல்லாத பொம்மைக்கு 12 சதவீதமா இருந்தது, 2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம்.

ஒரு எளிய கணக்கு. வரிச்சலுகை ஏதும் இல்லாத ஒரு பொம்மை 100 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்குதுன்னு வைங்க. 70 சதவீதம் சேர்த்தா 170. அதுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 178 ரூபாய் 50 காசு. கடைக்காரர் லாபம், லாரி வாடகை எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரலை. அதனால வெளிநாட்டு யூடியூபர் "சூப்பர் டீல்"னு சொல்ற விலையை நம்ம ஊர் விலையோட ஒப்பிடாதீங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2021 ஜனவரி 1லிருந்து பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கு. பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு முத்திரை இல்லாததை எடுத்தா, வாயில் வைக்கிறது நம்ம குழந்தை.

இது செலவா, முதலீடா?

இங்கதான் நான் மாட்டினேன். நீங்களும் மாட்டக்கூடாதுன்னு சொல்றேன்.

2018ல் சென்னையில் எனக்கு முதல் வேலை. கைக்கு 22,000 ரூபாய் வரும். ஒரு வருஷம் மெஸ் சாப்பாட்டுல மிச்சம் பிடிச்சு 12,000 ரூபாய் சேர்த்திருந்தேன். அப்போ "லெகோ பெட்டியைப் பிரிக்காம வச்சா தங்கத்தை விட லாபம்"னு ஒரு பேச்சு காதுல விழுந்தது. தீபாவளிக்கு முன்னாடி ஒரு பெரிய நீர்மூழ்கிக் கப்பல் செட்டை அந்த 12,000 ரூபாயையும் கொடுத்து வாங்கினேன். பிரிக்கவே இல்லை. அலமாரி மேல வச்சு அழகு பார்த்தேன்.

அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. மாஸ்கோவின் உயர் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த விக்டோரியா தோப்ரின்ஸ்கயா, யூலியா கிஷிலோவா என்ற ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான 2,322 லெகோ செட்களின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்தாங்க. சராசரி வருமானம் வருஷத்துக்கு சுமார் 11 சதவீதம். தலைப்பு இவ்வளவுதான் பரவுச்சு. உள்ளே இருந்த இன்னொரு விஷயம் பரவலை: தனித்தனி செட்டா பார்த்தா வருஷத்துக்கு 50 சதவீதம் நஷ்டத்துலிருந்து 600 சதவீதம் லாபம் வரைக்கும் சிதறிக் கிடந்தது. சராசரி ஆழம் முழங்கால்தான்னு நம்பி ஆத்துல இறங்கினவன் கதைதான்.

அது மட்டுமா? பெட்டி பிரிக்கப்படாம, நசுங்காம, நனையாம இருக்கணும். வாங்க ஆள் வேணும். கூரியர் செலவு, விற்பனைத் தளத்தோட கமிஷன் உண்டு. இண்டெக்ஸ் ஃபண்டை வித்தா சில வேலை நாளில் காசு வங்கிக் கணக்குக்கு வரும். நீர்மூழ்கிக் கப்பலை அவசரத்துக்கு யார்கிட்ட விற்பீங்க?

அந்த அவசரம் எனக்கு மூணே வாரத்தில் வந்தது. அந்த வருஷம் மக்காச்சோளத்துல படைப்புழு. எங்க பக்கம் காடு காடா குருத்தைத் தின்னுட்டுப் போச்சு. அப்பா போன் பண்ணினார். "மருந்து அடிக்கணும், ஆள் கூலி வேற. ஒரு பத்தாயிரம் இருக்குமாப்பா?"ன்னு கேட்டார். என்கிட்ட 1,800 ரூபாயும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் இருந்துச்சு. "இல்லப்பா"ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. "சரி சரி, பார்த்துக்கலாம்"னு போனை வச்சுட்டார்.

ஊர்லயே மூணு வட்டிக்கு வாங்கினார். மூணு வட்டின்னா மாசம் 3 சதவீதம், வருஷத்துக்கு 36. பத்து மாசம் கழிச்சு என் போனஸ் வந்ததும் வட்டி 3,000 சேர்த்து 13,000 ரூபாய் கட்டி முடிச்சேன். ஆக, அந்த செட்டோட உண்மையான விலை 12,000 இல்லை. 15,000.

"ஈஎம்ஐ போட்டிருந்தா?"

நியாயமான கேள்வி. கணக்குப்படி பார்த்தா காசு கையில் இருந்திருக்கும். ஆனா நோ காஸ்ட் ஈஎம்ஐயும் இலவசம் இல்லை. வங்கி வட்டி போடும், கடைக்காரர் அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுப்பார். ஆனா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி நம்ம தலையில். 12,000 ரூபாயை ஆறு மாச ஈஎம்ஐ போட்டா, 15 சதவீத வட்டி என்று வைத்தால், அந்த ஜிஎஸ்டி சுமார் 91 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199ன்னு வச்சா, வரியோட 235. மொத்தம் சுமார் 326 ரூபாய் கூடுதல். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கு.

326 ரூபாய் 3,000ஐ விடக் குறைவுதானேன்னு கேட்பீங்க. ஆமா. ஆனா என்னை எனக்குத் தெரியும். கையில் அந்த 12,000 மிச்சம் இருந்திருந்தா இன்னொரு ஈஎம்ஐ ஆரம்பிச்சிருப்பேன். கிரெடிட் கார்டில் முழுத் தொகை கட்டாம விட்டா நிலைமை இன்னும் மோசம். மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா 12,000க்கு 420 ரூபாய், ஜிஎஸ்டியோட சுமார் 496. ஒரே மாசத்துக்கு!

கதை எப்படி முடிஞ்சது?

ஐஞ்சு வருஷம் பெட்டியைப் பத்திரமா வச்சிருந்தேன். 11 சதவீதக் கணக்குப்படி 20,000 தாண்டியிருக்கணும். 2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் நான் இருந்தது தரைத்தளம். அறை மாறினப்போ பெட்டி கட்டிலுக்கடியில் போயிருந்துச்சு. கடலடி செட் நிஜமாவே தண்ணிக்கடியில் போச்சு. அட்டைப்பெட்டி கூழாயிடுச்சு. 'பிரிக்காத பெட்டி'ங்கிற மதிப்பு அன்னைக்கே பூஜ்யம்.

ஆனா கட்டைகளுக்கு ஒண்ணும் ஆகலை. கழுவிக் காய வச்சு, ஒரு துணிப்பையில் போட்டு, பொங்கலுக்கு மங்களூர் எடுத்துட்டுப் போனேன். அண்ணன் பொண்ணு அதைத் தன்னோட சுறாவோட சேர்த்துத் திண்ணை முழுக்கக் கடல் கட்டினா. "சித்தப்பா, இதை ஏன் இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டா. அப்பா ஒரு கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு வாங்கினது இதுதானாப்பா?"ன்னு கேட்டுட்டு, அவ கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

முதலீடா அது தோத்துப் போச்சு, பொம்மையா ஜெயிச்சிருச்சு. 1,499 ரூபாய் சுறாவை அவ குறைஞ்சது 50 மணி நேரம் விளையாடியிருப்பா. மணிக்கு 30 ரூபாய். ரொம்ப நல்ல செலவு. செலவை செலவுன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா வருத்தமே இல்லை. அதுக்கு முதலீடுன்னு பேர் வைக்கும்போதுதான் ஏமாறுறோம்.

நீங்க என்ன செய்யலாம்?

1. மூணு மாசச் செலவு அவசர நிதியா நிக்கிற வரைக்கும், ஆசைப் பொருளுக்கு அந்தக் காசைத் தொடாதீங்க. வீட்டில் விவசாயமோ வயசானவங்களோ இருந்தா ஆறு மாசம்.

2. ஆசைக்குத் தனி உண்டியல் வைங்க. விருத்தாசலம் வழியா போறப்போ ஒரு பீங்கான் உண்டியல் வாங்கி அண்ணன் பொண்ணுக்குக் கொடுத்தேன். உடைக்காம எடுக்க முடியாது, அதுதான் அதோட அழகு. நீங்க வங்கியில் 500 ரூபாய் ஆர்டி போட்டாலும் அதே வேலைதான். மூணு மாசத்தில் ஒரு சுறா வந்துடும்.

3. பொருள் வாங்கும் முன்னாடி விலையை உபயோகிக்கப்போற மணி நேரத்தால் வகுத்துப் பாருங்க. அலமாரியில் உட்காரப் போற பொருளுக்கு அந்த வகுத்தல் கணக்கே வராது.

4. வளர்ச்சி வேணும்னா வளர்றதுக்குன்னே இருக்கிற இடத்தில் போடுங்க. மாசம் 1,500 ரூபாய் பத்து வருஷம் போட்டா நம்ம காசு 1,80,000. வருஷம் 10 சதவீதம் கிடைச்சா சுமார் 3 லட்சம். சந்தை ஏறி இறங்கும், உத்தரவாதம் இல்லை. ஆனா மழையில் நனையாது, அப்பா கேட்டா பாதியை எடுத்துக் கொடுக்கலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. வீட்டில் நீங்க 'முதலீடு'ன்னு சொல்லி வாங்கின பொருளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, நாளைக்குக் காலையில் வித்தா என்ன கிடைக்கும்னு எழுதுங்க. எழுத முடியாததை எல்லாம் பிரிச்சு விளையாடிடுங்க.