வண்டி திணறுவது ஏன்?

சாந்திபுரம், குப்பம் பக்கத்திலிருந்து வாடகைக் கார்கள் திருப்பதிக்குப் போகின்றன. திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. 1974-இல் திறந்த பாதையில் வண்டிகள் ஏறும். 1944-இல் திறந்த பாதையில் இறங்கும். ஏறும்போது வண்டி திணறினால் உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து. பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து.

"த்ராட்டில் சென்சார் போயிடுச்சு. புதுசு போடணும்" என்று மெக்கானிக் சொல்கிறார். உடனே மாற்றிவிடலாமா? முதலில் சோதித்துப் பார்ப்போம்.

சென்சார் என்ன செய்கிறது?

ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தட்டு திறக்கிறது. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் பாயும். அதுபோல இங்கே காற்று பாயும். தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது? அதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சார். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும். சென்சார் தவறாகச் சொன்னால் அளவும் தவறும்.

1983-இல் வந்த முதல் மாருதி 800 காரில் கார்புரேட்டர் இருந்தது. இந்தச் சென்சார் இல்லை.

அறிகுறிகள்

* மிதித்தாலும் வேகம் எடுக்காது.
* வண்டி குலுங்கி ஓடும்.
* நிற்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும். சில நேரம் அணைந்துவிடும்.
* செக் எஞ்சின் விளக்கு எரியும்.

பெட்ரோல் ஃபில்டர் அடைத்தாலும் வண்டி திணறும். எனவே அறிகுறி மட்டும் போதாது.

சோதிக்கும் முறை

இது ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ள வண்டிக்கு உரியது. கேபிள் இல்லாத புது வண்டிகளை ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். எஞ்சின் ஆறட்டும்.
2. சென்சாரின் ஒயரைப் பாருங்கள். பிளக் தளர்ந்திருக்கிறதா? பச்சை பூத்திருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா?
3. சாவியை ஆன் செய்யுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.
4. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள். பிளக்கைக் கழற்றாமல், அதன் பின்பக்கம் சிவப்பு முனையால் ஒவ்வொரு ஒயராகத் தொடுங்கள்.

பெரும்பாலும் மூன்று ஒயர்கள் இருக்கும். ஒன்றில் 5 வோல்ட் வரும். ஒன்று எர்த். அதில் 0 காட்டும். மூன்றாவது சேதி சொல்லும் ஒயர். மிதிக்காதபோது அதில் சுமார் 0.5 வோல்ட் இருக்கும். மெல்ல மிதிக்க மிதிக்க எண் ஏறும். முழுவதும் மிதித்தால் 4 வோல்ட்டுக்கு மேல் போகும்.

எண் சொல்லும் உண்மை

* எண் சீராக ஏறினால் சென்சார் நன்றாக இருக்கிறது.
* ஏறும்போது நடுவில் விழுந்து எழுந்தால் சென்சாரின் உள்தடம் தேய்ந்திருக்கும். மாற்ற வேண்டும்.
* 5 வோல்ட்டே வரவில்லையா? ஒயரையும் கம்ப்யூட்டரையும் பார்க்க வேண்டும். புதுச் சென்சார் போட்டாலும் வண்டி திணறும்.

ஸ்கேனரில் பி0122 என்று வந்தால் சேதி குறைவாக வருகிறது என்று பொருள். பி0123 என்றால் அதிகமாக வருகிறது. ஒயர் அறுந்தாலும் இந்த எண்கள் வரலாம்.

எனவே பணம் கொடுக்கும் முன் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, 5 வோல்ட் வருதா பாத்தீங்களா? மீட்டரை எனக்கும் காட்டுங்க." நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார். எண் படிக்கத் தெரிந்த உங்களுக்கு அது புரியும்.

விடை சொல்லுங்கள்

1. மெல்ல மிதிக்கும்போது மீட்டர் 0.5, 1.2, 0.0, 2.8 என்று காட்டுகிறது. பழுது எதில் இருக்கலாம்?
2. 5 வோல்ட் வரவேண்டிய ஒயரில் 0 காட்டுகிறது. புதுச் சென்சார் வாங்கலாமா?