கிழங்கு கப்பல் ஏறினால் யாருக்கு லாபம்?

போன மாசம் ஒரு தரகர் முள்ளுக்குறிச்சிக்கு வந்தார். "எத்தனால் எடுக்க எவ்வளவு மரவள்ளி போட்டாலும் வாங்கிக்குவாங்க, வெளிநாட்டுலயும் கிராக்கி இருக்கு" என்றார். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி என்னிடம், "சார், மூணு ஏக்கரும் போட்டுடலாமா?" என்று கேட்டார். வங்கியில கடன் மனு பார்த்தே காலம் போன எனக்கு, முதலில் பழைய கணக்கைப் பார்ப்பதுதான் வழக்கம்.

தாய்லாந்தைப் பாருங்க. 1970களில் அங்கிருந்து காய்ந்த மரவள்ளி ஐரோப்பாவுக்குக் கால்நடைத் தீவனமாகக் கப்பல் கப்பலாகப் போனது. ஐரோப்பாவில் தானிய விலை அதிகம், கிழங்குக்கு வரி குறைவு. 1982இல் அளவுக் கட்டுப்பாடு வந்தது. 1992இல் ஐரோப்பா தன் தானிய விலையைக் குறைத்தது, சந்தை சுருங்கியது. பிறகு சாராயத்துக்கும் எத்தனாலுக்கும் சீனா வாங்கியது. 2016இல் சீனாவில் மக்காச்சோளம் மலிந்ததும் அந்த வாங்கலும் தளர்ந்தது. தாய்லாந்து உழவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. விலையை நிர்ணயித்தது வாங்கும் நாட்டின் கொள்கை.

மரத்துகள் வில்லையிலும் இதே கதைதான். அமெரிக்கக் காட்டு மரம் வில்லையாகி, இங்கிலாந்தில் மின்சாரத்துக்கு எரிகிறது. வியட்நாம் வில்லை ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறது. அந்தந்த நாட்டு அரசு தரும் சலுகைதான் இந்த வியாபாரத்தைத் தாங்குது.

நம்ம நாட்டில் 2018 உயிரி எரிபொருள் கொள்கை ஏற்றுமதிக்கு இடம் தரவில்லை. 2022 திருத்தமும் குறிப்பிட்ட சூழலில் மட்டுமே அனுமதித்தது. அதனால் 'வெளிநாட்டுக் கிராக்கி' என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்க. உள்நாட்டு எத்தனாலுக்கு மக்காச்சோளம் திரும்பியதில், அதை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் இறக்குமதி செய்யும் நாடானது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தீவன விலையில் அது தெரியும்.

காட்டாமணக்கு ஞாபகம் இருக்கா? 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்றார்கள். விளைச்சலும் வரல, விதை வாங்க ஆளும் வரல. கடன் மட்டும் வீடு தேடி வந்ததை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

இன்னொரு கணக்கு மண்ணோடது. மரவள்ளி சாம்பல்சத்தை நிறைய எடுக்கும். கிழங்கு லாரி ஏறும்போது அதுவும் ஏறிப் போயிடும். எரிபொருளுக்கென்று தழையையும் தண்டையும் விற்றால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்? ஒரே பயிரா போட்டால் மாவுப்பூச்சிக்கும் தேமலுக்கும் விருந்துதான்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்:

1. மூணில் ஒரு ஏக்கருக்கு மேல் வேண்டாம். அதிலும் சின்ன வெங்காயமோ உளுந்தோ ஊடுபயிராகப் போடுங்க.
2. விதைக்கரணை போக மீதித் தழை, தண்டு நிலத்துக்கே.
3. விலை, பாயிண்ட் அளக்கும் முறை, பணம் தரும் நாள் மூன்றும் எழுத்தில் இல்லாமல் நடவு வேண்டாம்.
4. எத்தனால்காரர் வராவிட்டால் சேகோ ஆலை விலைக்குக் கட்டுமா என்று முன்னாடியே கணக்குப் போடுங்க.

தம்பி ஒரு ஏக்கர் மட்டும் நட்டிருக்கார். மீதி இரண்டில் சாமையும் துவரையும்.