டெல் என்றால் சொல் மட்டும்தானா?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்து அம்மா, அடுக்குமாடி வீடு ஒன்றில் வேலை செய்கிறார். பாத்திரம் துலக்குவார். வீடு பெருக்குவார். வீட்டுக்காரம்மாவோடு இந்தியில் பேசிக்கொள்வார். இங்கிலீஷ் படித்ததில்லை. ஆனாலும் காதில் விழுந்து விழுந்து இருபது முப்பது இங்கிலீஷ் சொல் தெரியும்.

ஒரு நாள் அந்த வீட்டில் ஒரு தங்கக் கம்மலைக் காணவில்லை. தேடாத இடமில்லை. சாயங்காலம் வீட்டுக்காரம்மா தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இவர் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பேச்சு காதில் விழுந்தது.

“ஐ கான்ட் டெல் ஹூ டுக் இட்.”

ஹூ என்றால் யார். டுக் இட் என்றால் அதை எடுத்தது. கான்ட் என்றால் முடியாது. டெல் என்றால் சொல். நாலையும் சேர்த்துப் பார்த்தார். ‘யார் எடுத்தது என்று சொல்ல முடியாது.’

அவருக்கு நெஞ்சு திக்கென்றது. யார் என்று தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் மாட்டேன் என்கிறார். ஏன்? எடுத்தவள் பக்கத்திலேயே இருக்கிறாள் என்றா? அந்த வீட்டில் வெளி ஆள் இவர் ஒருவர்தானே!

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பயம் புதிது இல்லை. எது தொலைந்தாலும் முதல் பார்வை அவர்கள் மேல்தான் விழுகிறது. பொருள் பிறகு கிடைத்தாலும் அந்தப் பார்வையை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்தார். சோறு இறங்கவில்லை. நாளை முதல் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்தார். இருபத்திரண்டு நாள் சம்பளம் பாக்கி இருந்தது. அதுவும் வேண்டாம் என்று நினைத்தார்.

பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறவன். அவன் வந்து கேட்டான்.

“என்ன சித்தி, சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?”

நடந்ததைச் சொன்னார். அவன் அந்தப் பேச்சை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னான். கொஞ்சம் யோசித்தான். பிறகு கேட்டான்.

“சித்தி, நாளைக்கு மழை வருமா?”

“அதை எப்படிலே சொல்ல? சொல்ல முடியாது.”

“அப்போ தெரிஞ்சு வச்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறீங்க?”

“எனக்கு என்ன தெரியும்? தெரியலன்னுதானே சொல்லுதேன்!”

“அந்த அம்மா சொன்னதும் அதேதான் சித்தி. யாரு எடுத்தாங்கன்னு தெரியல, கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லியிருக்காங்க.”

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பையன் சொன்னது சரிதான். ‘டெல்’ என்றால் சொல் என்று நமக்குச் சொல்லித்தருகிறார்கள். அது பாதிதான். கண்டுபிடிப்பது, அடையாளம் தெரிவது, இதற்கும் இங்கிலீஷில் ‘டெல்’ என்பார்கள். இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்து, எது மூத்தது, எது இளையது என்று தெரியவில்லை என்றால் ‘ஐ கான்ட் டெல்’ என்பார்கள். கடிகாரம் பார்த்து மணி சொல்லத் தெரிவதும் ‘டெல்’தான்.

இதில் கவனிக்க ஒரு சின்ன அடையாளம் உண்டு. ஒருவருக்கு ஒன்றைச் சொல்வது என்றால், பெரும்பாலும் யாருக்கு என்பது ‘டெல்’லை ஒட்டியே வரும். ‘டெல் மீ’ என்றால் எனக்குச் சொல். ‘டெல் ஹிம்’ என்றால் அவனுக்குச் சொல். ‘ஐ கான்ட் டெல் யூ’ என்றால் உனக்குச் சொல்ல முடியாது. வீட்டுக்காரம்மா பேசியதில் ‘யூ’ இல்லை. அந்த ஒரு சின்னச் சொல் இருந்திருந்தால் அர்த்தமே வேறு!

இன்னும் இரண்டு இருக்கிறது. ‘டெல் ஆஃப்’ என்றால் திட்டுவது. ‘டெல் ஆன்’ என்றால் ஒருவரைப் பற்றிக் கோள் சொல்வது. ஆனால் டாக்டர் ஒருவர், ராத்திரி வேலை உங்கள் உடம்பை ‘டெல் ஆன்’ செய்கிறது என்றால், அது கோள் இல்லை. உடம்பைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் அந்த அம்மா வேலைக்குப் போனார். போனதும் நேராகவே கேட்டார். “என் மேல சந்தேகம் இருக்கா?” வீட்டுக்காரம்மா பதறிப்போய் “இல்லை” என்றார். அவர் மனதில் என்ன இருந்ததோ, அது வேறு. கம்மல் கிடைக்கவே இல்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அன்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடுத்தவள் ஓடிவிட்டாள் என்று பேச்சு வந்திருக்கும். இருபத்திரண்டு நாள் சம்பளமும் போயிருக்கும்.

மாதம் முடிந்தது. சம்பளம் பேங்கில் விழுந்தது. பையனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏ.டி.எம்.முக்குப் போனார்.

“இதுலயும் உங்க டெல் இருக்கு சித்தி. ஏ.டி.எம்.ல நடுவுல வர்ற ‘டி’, டெல்லர்.”

“மிஷின் என்னத்தலே சொல்லும்?”

“சொல்லாது. எண்ணும்.”

இதுவும் உண்மை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு எண்ணுவது என்றும் அர்த்தம், சொல்வது என்றும் அர்த்தம். ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ணுவதும், நடந்ததை வரிசையாகச் சொல்வதும் ஒரே சொல்லில் இருந்தது. இங்கிலீஷுக்குச் சொந்தக்கார மொழியான டச்சில் இன்றைக்கும் ‘டெல்லன்’ என்றால் எண்ணுவதுதான். பேங்கில் பணம் எண்ணிக் கொடுக்கிறவருக்கு டெல்லர் என்று பெயர் வந்தது இப்படித்தான். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஓட்டு எண்ணுகிறவர்களுக்கும் டெல்லர் என்றே பெயர். தமிழில் மட்டும் என்ன? ‘எண்ணு’ என்றால் எண்ணிக்கை. நினைப்பதும் அதே ‘எண்ணு’தான்.

பணம் கொடுக்கும் மிஷினை 1967-இல் லண்டனில் என்ஃபீல்டு என்ற இடத்தில் ஒரு பேங்க் வைத்தது. அதைச் செய்தவர் ஜான் ஷெப்பர்டு பாரன். அவர் பிறந்தது நம் நாட்டில், ஷில்லாங்கில், 1925-இல். ரகசிய நம்பர் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்று அவர் முதலில் நினைத்தாராம். அவருடைய மனைவி, தனக்கு நாலுதான் ஞாபகம் இருக்கும் என்றாராம். அதனால் நாலு ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் நாட்டுக்கு இந்த மிஷின் 1987-இல் வந்தது. வந்த ஊர் இதே மும்பைதான்.

மிஷின் எண்ணிக் கொடுத்த நோட்டை அந்த அம்மா கையில் வாங்கினார். ஓரமாக நின்று இன்னொரு தடவை எண்ணினார். பிறகுதான் பையில் வைத்தார்.

எழுதிப் பாருங்கள்

நம் ‘சொல்’லுக்கும் பல அர்த்தம் உண்டு. கீழே இருப்பதைச் சத்தமாகப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் ‘சொல்’லுக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்.

கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கினாள்.

மாட்டுக்கு இருபதாயிரம் விலை சொன்னார்.

கிழவி குறி சொன்னாள்.

மேஸ்திரி அவனுக்கு வேறு வேலை சொன்னார்.

உங்கள் ஊரில் வேறு மாதிரியும் சொல்வார்கள். அதில் மூன்றை நோட்டில் எழுதுங்கள்.