சிம் பெட்டியில் ஃபாக்ஸ் ஓடுமா?

கேள்வி: ஜெர்மனியின் பான் நகரில் மளிகைக் கடை நடத்துகிறேன். புதிய இடத்தில் லேண்ட்லைன் இல்லை. பழைய ஃபாக்ஸ், கார்டு மெஷின், திருட்டு அலாரம் மூன்றையும் சிம் போடும் பெட்டியில் செருகினால் போதுமா?

பதில்: அந்தப் பெட்டியில் சாதாரண போனைச் செருகினால் தாராளமாகப் பேசலாம். ஃபாக்ஸைச் செருகினால் டயல் டோன் வரும், எதிர்முனையில் மணியும் அடிக்கும். பக்கம் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேராது. செல்போன் நெட்வொர்க் மனிதக் குரலுக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. ஃபாக்ஸும் உங்கள் மற்ற இரண்டு கருவிகளும் தகவல் அனுப்பும் மோடத்தின் கீச்சொலி அந்தச் சுருக்கத்தில் சிதைந்துவிடும். ஜிஎஸ்எம் என்ற 2ஜி செல்போன் முறை தொடங்கிய காலத்தில் இதற்காகவே வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் தனி டேட்டா அழைப்பு வைத்திருந்தார்கள். இன்று அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

எனவே இணையவழிக்கு மாறிவிடுங்கள். சிம் போடும் எல்டிஇ (4ஜி) ரவுட்டர் ஒன்று வாங்கி, கார்டு மெஷினை லேன் கேபிளால் இணையுங்கள். லேன் வசதி இல்லாத பழைய மெஷின் என்றால், கொடுத்தவர்களிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஃபாக்ஸுக்கு மின்னஞ்சல்வழி சேவை போதும்.

அலாரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அதற்குத் தனி சிம்மும் பேட்டரியும் உள்ள எல்டிஇ கருவியே சரி. 2ஜியில் மட்டும் ஓடுவது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே முடிந்தது. உங்கள் ஊரிலேயே தலைமையகம் உள்ள டாய்ச்ச டெலிகாம், 2ஜியை 2028 ஜூன் இறுதியில் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது. பொருத்தியதும் கடையின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, அலாரச் செய்தி கண்காணிப்பு மையத்துக்குப் போகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.