மெக்கர் காட்டும் அளவு மெய்யாக இருக்கட்டும்

மழைக்காலம் கழிந்து குடிநீர் மோட்டாரை ஓட்டுமுன், "மெக்கர் பார்த்தாயிற்றா?" என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்பது நல்ல வழக்கம். மேடவாக்கம் போன்ற ஊர்களுக்கு இது மிகவும் அவசியம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். நனைந்த காயிலில் மின்சாரம் செலுத்தினால் மோட்டார் எரியும். தொடுபவர் உயிருக்கும் ஆபத்து நேரும்.

மெக்கர் என்பது காயிலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, கசியும் மின்சாரத்தை அளக்கும் கருவி. காப்பின் மின்தடையை அது மெகோம் கணக்கில் காட்டும். ஒரு மெகோம் என்பது 10 லட்சம் ஓம். அளவு ஒரு மெகோமுக்குக் குறைந்தால் மோட்டாரை ஓட்டலாகாது.

மெக்கர் சரியாக உள்ளதா என்று அறிய, மதிப்பு தெரிந்த மின்தடையம் ஒன்றை அதனுடன் இணைத்துப் பார்ப்பார்கள். தராசுக்கு எடைக்கல் எப்படியோ, மெக்கருக்கு இம்மின்தடையம் அப்படி. எடைக்கல் தேய்வதைப் போல இதுவும் மாறக்கூடும். 100 மெகோம் மின்தடையத்தின் மீது அழுக்கும் ஈரமும் விரல் வியர்வையும் படிந்து, அவற்றின் வழியே இன்னொரு 100 மெகோம் பாதை உண்டானால், மொத்தத் தடை 50 மெகோமாகிவிடும். இதே அழுக்கு 1 மெகோம் மின்தடையத்தில் படிந்தாலோ, நூற்றில் ஒரு பங்கே பிழை நேரும். மதிப்பு உயர உயரத் தூய்மையும் கூடுதலாக வேண்டும்.

இதனால் வரும் கேடு சிறிதன்று. 50 மெகோமாகக் குறைந்ததை 100 என்று நம்பி மெக்கரைத் திருத்தினால், பின்னர் அது எதையும் இரு மடங்காகக் காட்டும். 0.6 மெகோம் உள்ள ஈர மோட்டார் 1.2 எனத் தேறிவிடும்!

ஆகவே பஞ்சாயத்துகள் கவனிக்க வேண்டியவை:

1. கரிக்கலவையால் ஆன மின்தடையம் ஈரத்தை உறிஞ்சி மதிப்பு மாறும். ஈரம் புகாதபடி மூடப்பட்டதையே வாங்க வேண்டும்.

2. அதன் உடலைக் கையால் தொடலாகாது. உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும்.

3. புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவுகளோடு தொடர்புடைய ஆய்வுக்கூடத்தில் குறித்த காலத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும்.

4. பயிற்சி பெற்ற மின்பணியாளரே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைச் சோதிக்க வேண்டும். மாதந்தோறும் அளவைப் பதிவேட்டில் எழுதிவந்தால், காப்பு தளர்வது முன்கூட்டியே தெரியும்.

தம் வயல் மோட்டாரைச் சோதிக்க வருபவரிடம், "உங்கள் மெக்கரை எப்போது சோதித்தீர்கள்?" என்று விவசாயிகளும் கேட்பார்களாக. அளவுகோல் சரியாக இருந்தால்தான் அளவும் சரியாக இருக்கும்.