சோயா பாலில் பச்சை வாடை நீங்க

சோயா மொச்சையில் சுமார் 40 சதவீதம் புரதமும் 20 சதவீதம் எண்ணெயும் உள்ளன. ஆனாலும் வீட்டில் ஒருமுறை பால் எடுத்தவர்கள் பலர் மறுமுறை எடுப்பதில்லை. காரணம் பச்சை வாடை. அரைக்கும்போது பருப்பிலுள்ள லிப்பாக்சிஜினேஸ் என்னும் நொதி, எண்ணெயைக் காற்றுடன் சேரச் செய்து இந்த வாடையை உண்டாக்குகிறது. கொதிக்கும் சூட்டில் இந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே பச்சைத் தண்ணீர் விட்டு அரைக்கவே கூடாது.

கால் கிலோ பருப்பை இரவு ஊற வைத்து, காலையில் கசக்கித் தோலை நீக்கவும். கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டு வடிக்கவும். வெந்நீர் விட்டு நைசாக அரைத்து, மேலும் வெந்நீர் சேர்த்து 2 லிட்டராக்கித் துணியில் வடிகட்டவும்.

காய்ச்சுவதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். சோயா பால் கொதி வருமுன்பே நுரைத்துப் பொங்கும். காய்ந்துவிட்டது என்று இறக்கிவிடக் கூடாது. தீயைக் குறைத்துக் கிளறியபடி, உண்மையான கொதி வந்தபின் 15 முதல் 20 நிமிடம் காய்ச்ச வேண்டும். பச்சை சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் உள்ளது. அரைகுறையாகக் காய்ச்சினால் வயிற்றுக் கோளாறு வரும். நன்றாகக் காய்ச்சிய பாலையும் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு.

சூடான பாலில் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டால் திரியும். துணியில் கட்டிக் கனம் வைத்தால் பன்னீர் போன்ற கட்டி கிடைக்கும். துண்டு போட்டுக் குழம்பில் சேர்க்கலாம். வடிகட்டிய சக்கையை மாட்டுக்குப் போடுவானேன்? அதிலும் புரதம் உண்டு. அடை மாவில் கலந்து, இருபுறமும் நன்கு வேகவிட்டு எடுக்கவும்.