பழைய கருவியைக் கைவிடுவது எப்போது?

சாதாரண தரத்தில் பஸ்கால் மொழியில் செய்நிரல் எழுதினோம். உயர்தரத்துக்கு வந்ததும் பைதன். வரி முடிவில் அரைப்புள்ளி வைத்துப் பழகிய விரல் இன்னும் அதைத் தேடுகிறது. "அப்போ பஸ்கால் படித்தது வீணா?" என்று வகுப்பில் தோழி ஒருத்தி கேட்டாள். எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் இதையொத்த வாக்குவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அக்குறணையில் மாமாவுக்கு ஒரு கடை இருக்கிறது. அங்கே பில் போடும் மென்பொருள் 'விஷுவல் பேசிக் 6' என்ற கருவியால் ஆனது. அதை எழுதிக் கொடுத்தவர் கட்டாருக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. மென்பொருள் துறையில் படிக்கும் என் நானா, எல்லாவற்றையும் பைதனில் புதிதாக எழுதலாம் என்றார். மாமாவோ, "வேல செய்ற சாமான எதுக்கு மகன் கிண்டுற?" என்று கேட்டார்.

மாமாவின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998இல். 2002இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே பெயரில் புதிய மொழியொன்றைக் கொண்டு வந்தது. பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடவில்லை. பழையதைக் கைவிடாதீர்கள் என்று 2005இல் செய்நிரலாளர்கள் மனுக் கொடுத்தும் பயனில்லை. 2008 ஏப்ரலில் அந்தக் கருவிக்கான ஆதரவு முடிந்தது. ஆனால் அதைக் கொண்டு செய்த மென்பொருள்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன. அத்துடன், கடனுக்கு வாங்குவோர், திருப்பிக் கொடுத்த சாமான், நோன்புக்காலக் கழிவு என்று கடையின் அனுபவமெல்லாம் அந்த நிரலுக்குள் இருக்கிறது. புதிதாக எழுதுபவர் அவற்றை ஒவ்வொன்றாக மறந்து, ஒவ்வொன்றாக ஏச்சு வாங்கித்தான் திரும்பக் கற்க வேண்டும்.

என்றாலும், கருவி மாறாமல் இருந்தாலும் உலகம் மாறிவிடும். டர்போ பஸ்கால் இதற்கு நல்ல உதாரணம். 1983இல் வந்த அந்தக் கருவியின் ஏழாம் பதிப்பில் (1992) எழுதிய பல நிரல்கள், வேகமான கணினிகள் வந்ததும் தொடக்கத்திலேயே 'பிழை 200' காட்டி நின்றன. அதன் திரை நூலகம் கணினியின் வேகத்தை எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். எண்ணிக்கை மிகப் பெரிதானதால் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, கணினிதான் வேகமாகியிருந்தது. ஆனாலும் பஸ்கால் அழியவில்லை. 1993இல் தொடங்கிய 'ஃப்ரீ பஸ்கால்' மூலநிரல் திறந்ததென்பதால், பலர் சேர்ந்து அதை இன்றுவரை பேணுகிறார்கள். விஷுவல் பேசிக் 6இன் மூலநிரலோ நிறுவனத்தின் கையில்தான். ஆகவே வயதைக் கேட்பதைவிட, பழுது பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேட்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

மாமாவின் கடையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. விஷுவல் பேசிக் 6இன் சாதாரணப் பெட்டிகள் யுனிகோட் தமிழைக் காட்டாது. அதனால் வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில் ஏற்றப்பட்டிருந்தன. பாமினியில் 'உம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் குப்பை.

பைதனும் இதே பிரச்சினையில் தடுக்கி விழுந்து எழும்பிய மொழிதான். பைதன் 2இல் 'உம்மா'வின் நீளத்தைக் கேட்டால், யுடிஎஃப் 8 முறையில் 15 என்று வரும். அது பைட்டுகளை எண்ணுகிறது. பைதன் 3 தரும் விடை 5. (நாங்கள் எண்ணினால் மூன்றெழுத்து, அது வேறு கதை.) இத்தகைய மாற்றங்களுக்காகவே 2008 டிசம்பரில் வந்த பைதன் 3, பழைய நிரல்களோடு ஒத்துப்போகாமல் விட்டது. எல்லோரும் மாற 2020 ஜனவரி 1 வரை அவகாசம் கிடைத்தது. பதினொரு வருடம்! நியாயமான தவணை என்பேன்.

கடைசியில் நானா பில் போடும் நிரலில் கை வைக்கவில்லை. சாமான் பட்டியலையும் கடன் கணக்கையும் மட்டும் வெளியே எடுத்து, பாமினியை யுனிகோடாக்கும் சிறு நிரலொன்றைப் பைதனில் எழுதினார். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் தண்ணீர் வந்தால் அந்தக் கணினி போகலாம், கணக்குப் போகக்கூடாது என்று சொன்னபோதுதான் மாமா சம்மதித்தார்.

முதல் ஓட்டத்தில் ஆங்கிலத்தில் ஏற்றியிருந்த சவர்க்காரப் பெயர்களும் தமிழாகி, வாயில் நுழையாத சொற்களாக வந்தன. எது பாமினி, எது ஆங்கிலம் என்று கணினிக்குத் தெரியவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்கள் நானும் மாமாவும் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரிக்கும் கையால் அடையாளமிட்டோம். சில பெயர்களைக் கண்டதும் மாமா, "இவர் இன்னும் காசு தரல்ல" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னதால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.